கப்பலில் விரிசல் தேடிய கருவி இருதயத்தைக் காட்டியது: எக்கோ பரிசோதனை பிறந்த கதை

“எதற்கும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம்” என்று மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் பலருக்கு வயிறு கலங்கிவிடும். ஊசி குத்துவார்களோ, இருதயத்துக்குள் குழாய் விடுவார்களோ என்று இரவெல்லாம் தூக்கம் வராது. போய் வந்த பிறகுதான் அது வலியே இல்லாத சோதனை என்பது தெரியும். இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்வார்கள். நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி, கையில் அடங்கும் ஒரு கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து மெல்ல நகர்த்துவார்கள். பக்கத்துத் திரையில் இருதயம் துடிப்பது தெரியும். அரைமணி நேரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். முடிந்ததும் பசையைத் துடைத்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இன்று நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் நாள்தோறும் நடக்கும் சோதனை இது. ஆனால் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, உயிரோடு இருக்கும் ஒருவரின் இருதய வால்வு எப்படித் திறந்து மூடுகிறது என்பதை உடலுக்குள் எதையும் நுழைக்காமல் அளந்து பார்க்க மருத்துவர்களிடம் வழி இல்லை. அந்த வழியைத் தேடிக் கண்டவர் சுவீடனின் தென்கோடியில் உள்ள லுண்ட் என்ற பல்கலைக்கழக நகரத்தில் பணியாற்றிய இங்கெ எட்லர் என்ற இருதய மருத்துவர். அவருக்குத் துணை நின்றவர் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர். அவர்கள் முதலில் கையில் எடுத்தது மருத்துவக் கருவியே அல்ல. கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் தேடும் கருவி அது.

தவறினால் உயிர் போகும்

எட்லர் 1911-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் தேதி தென் சுவீடனில் பிறந்தார். லுண்ட் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1950-களின் தொடக்கத்தில் அந்நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இருதயப் பரிசோதனைப் பிரிவை அவர் கவனித்து வந்தார். அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டிய நோயாளி யார், போகக்கூடாத நோயாளி யார் என்று பிரித்துச் சொல்வது அவருடைய பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்று புரிய, இருதயத்தின் அமைப்பைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். இருதயத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகள். நுரையீரலில் சுத்தமான இரத்தம் இடது மேலறைக்கு வந்து, அங்கிருந்து இடது கீழறைக்கு இறங்குகிறது. கீழறை அதை உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கதவுதான் மிட்ரல் வால்வு. இரண்டு மெல்லிய இதழ்கள் கொண்ட இந்தக் கதவு இரத்தத்தைக் கீழே விடும். மேலே திரும்ப விடாது.

சிறு வயதில் வரும் ருமாட்டிக் காய்ச்சல் இந்தக் கதவைத்தான் அதிகம் தாக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல இதழ்கள் தடித்து, ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வழி குறுகிப் போகும். இது வால்வுச் சுருக்கம். சிலருக்கு இதழ்கள் சுருங்கி, கதவு சரியாக மூடாமல் இரத்தம் மேலேயே திரும்பும். இது வால்வுக் கசிவு. இரண்டிலும் நோயாளிக்கு மூச்சிரைக்கும், படி ஏற முடியாது, படுத்தால் இருமல் வரும். காதுக்குழல் வைத்துக் கேட்டால் இரண்டிலும் இயல்புக்கு மாறான முணுமுணுப்பு ஒலி கேட்கும். தேர்ந்த காதுக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியும் என்றாலும், இரண்டு கோளாறும் ஒரே நோயாளியிடம் கலந்திருந்தால் எது அதிகம் என்று சொல்வது அனுபவசாலிகளுக்கும் கடினம்.

1948-ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வால்வுச் சுருக்கத்துக்கு அறுவை சிகிச்சை தொடங்கியிருந்தது. துடித்துக்கொண்டிருக்கும் இருதயத்துக்குள் அறுவை மருத்துவர் தம் விரலையோ சிறு கத்தியையோ நுழைத்து, ஒட்டிப்போன இதழ்களைப் பிரித்துவிடுவார். செத்துப் பிழைத்தவர்கள் பலர். ஆனால் அந்தச் சிகிச்சை சுருக்கத்துக்கு மட்டுமே பலன் தரும். கசிவு அதிகமுள்ள நோயாளிக்கு அதைச் செய்தால் கசிவு இன்னும் மோசமாகும். நெஞ்சைத் திறந்த பிறகு “இவருக்கு இந்தச் சிகிச்சை பொருந்தாது” என்று தெரிந்தால் நோயாளியின் கதி என்ன?

எக்ஸ்ரே படம் இருதயம் வீங்கியிருப்பதைக் காட்டும். வால்வின் அசைவைக் காட்டாது. இ.சி.ஜி. மின்துடிப்பை மட்டும் பதியும். இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயை இருதயத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் முறை அப்போது வந்துவிட்டது. 1929-இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னர் போர்ஸ்மான் தம் கையிலேயே அந்தக் குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே படமும் எடுத்துக் காட்டிய முறை அது. ஆனால் நோயாளிக்குச் சிரமம், ஆபத்தும் உண்டு. கசிவின் அளவை அதுவும் திட்டமாகச் சொல்லவில்லை. எட்லருக்குத் தேவைப்பட்டது வேறொரு கண்.

ரேடாரைப் பற்றிக் கேட்ட கேள்வி

இரண்டாம் உலகப் போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வானத்தில் வரும் விமானத்தை ரேடார் கண்டுபிடிப்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். அலையை அனுப்பி, அது மோதித் திரும்புவதை வைத்துத் தூரத்தைச் சொல்லும் அதே வித்தையை இருதயத்தின் மீது பயன்படுத்த முடியாதா என்று எட்லர் கேட்டார். அந்தக் கேள்விதான் 1953-இல் அவரை ஹெர்ட்ஸிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஹெர்ட்ஸ் 1920-இல் பெர்லினில் பிறந்தவர். அவருடைய தந்தை குஸ்தாவ் ஹெர்ட்ஸ் 1925-ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தந்தையின் பெரியப்பாவான ஹைன்ரிக் ஹெர்ட்ஸ்தான் வானொலி அலைகள் இருப்பதைச் சோதனையால் நிறுவியவர். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை ‘ஹெர்ட்ஸ்’ என்று இன்றும் சொல்வது அவர் பெயரால்தான். போரில் சிக்கி அமெரிக்கப் படையிடம் கைதியாக இருந்து, பிறகு லுண்ட் நகருக்கு வந்து சேர்ந்தவர் இளைய ஹெர்ட்ஸ்.

ரேடார் அலை இந்த வேலைக்கு உதவாது, ஒலி அலை உதவலாம் என்று ஹெர்ட்ஸ் கருதினார். கப்பலுக்குப் போடும் இரும்புத் தகட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியைக் கவனிக்கும் கருவி அப்போது இருந்தது. லுண்டுக்குப் பக்கத்தில் மால்மோ துறைமுக நகரில் உள்ள கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில் அப்படி ஒன்று இருந்தது. ஒரு வார இறுதியில் அதை ஹெர்ட்ஸ் இரவல் வாங்கினார். தம் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். திரையில் ஒரு கோடு அசைந்தது. இருதயம் துடிக்கும் தாளத்துக்கு ஏற்றபடி அது முன்னும் பின்னும் நகர்ந்தது.

அந்த ஒரு கோடு போதுமானதாக இருந்தது. தந்தை குஸ்தாவ் ஹெர்ட்ஸ் போருக்கு முன்பே ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவன ஆய்வுக்கூடத்தில் இயக்குநராகப் பணியாற்றியவர் என்பதால் மகனுக்கு அங்கே அறிமுகம் இருந்தது. சீமென்ஸ் தன் கருவி ஒன்றை லுண்டுக்கு இரவலாகக் கொடுத்தது.

1953 அக்டோபர் 29

அந்த நாளில்தான் துடிக்கும் இருதயத்திலிருந்து வந்த எதிரொலியை எட்லரும் ஹெர்ட்ஸும் முதன்முதலில் தொடர்ச்சியாகப் பதிவு செய்தார்கள். திரையில் தோன்றும் புள்ளி மேலும் கீழும் அசைய, அதற்கு முன்னால் படச்சுருளை மெதுவாக நகர்த்தினார்கள். புள்ளியின் அசைவு படச்சுருளில் அலைபோன்ற கோடாக விழுந்தது. மேலிருந்து கீழாக ஆழம், இடமிருந்து வலமாக நேரம். இன்றைக்கும் எக்கோ அறிக்கைகளில் ‘எம்-மோட்’ என்று இடம்பெறும் படம் இதன் வாரிசுதான்.

1954-இல் லுண்ட் நகரின் அறிவியல் கழக வெளியீட்டில் இருவரும் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். இருதயச் சுவரின் அசைவைத் தொடர்ந்து பதிவு செய்ய இந்தக் கருவி பயன்படும் என்பதுதான் அதன் சாரம். இதே மருத்துவமனையில் மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல், அதே வகைக் கருவியைத் தலையில் வைத்து, அடிபட்ட மூளை நடுக்கோட்டிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

ஒலி எப்படிப் படமாகிறது?

கிணற்றுக்குள் குனிந்து ஒரு குரல் கொடுத்தால் அந்தக் குரல் திரும்பி வரும். தண்ணீர் ஆழத்தில் இருந்தால் தாமதமாக வரும்; மேலே இருந்தால் சீக்கிரம் வரும். குரல் திரும்பும் நேரத்தை அளந்தால் ஆழத்தைச் சொல்லிவிடலாம். எக்கோவின் அடிப்படை அவ்வளவுதான். ‘எக்கோ’ என்ற சொல்லுக்கே எதிரொலி என்றுதான் பொருள்.

மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். பெரியவர்களுக்கான எக்கோ கருவி ஏறக்குறைய 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு கொண்ட ஒலியை அனுப்புகிறது. கருவியின் முனையில் உள்ள படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலி எழுப்பும். திரும்பிவரும் ஒலி பட்டால் அதே படிகம் மின்சாரம் தரும். வாயும் காதும் ஒன்றே.

உடலின் மென்மையான தசைகளில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் ஓடும். தோலிலிருந்து 8 செண்டிமீட்டர் ஆழத்தில் உள்ள வால்வைத் தொட்டுத் திரும்ப அதற்கு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். ஆகவே இருதயம் ஒருமுறை துடித்து முடிப்பதற்குள் கருவி பல நூறு முறை கேள்வி கேட்டுப் பதில் வாங்கிவிடும். அசையும் உறுப்பை அசைவாகவே பார்க்க முடிவது இதனால்தான்.

காற்றும் எலும்பும் இந்த ஒலிக்குப் பகை. தோலுக்கும் கருவிக்கும் நடுவில் சிறிது காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது. பசை தடவுவது அதற்காக. நுரையீரல் முழுக்கக் காற்று. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இருதயம் நெஞ்சுச் சுவரை நெருங்கி வரும், நுரையீரல் கொஞ்சம் விலகும். விலா எலும்பைத் தவிர்க்கத்தான் கருவியை இடுக்கில் வைத்து அழுத்துகிறார்கள். கதிர்வீச்சு இதில் அறவே கிடையாது. கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் தயங்காமல் செய்வது இந்தக் காரணத்தால்தான்.

எட்லர் திருத்திக்கொண்ட தவறு

ஆரம்பக் கருவி பலம் குறைந்தது. இருதயத்தின் பின்சுவரிலிருந்து வரும் எதிரொலியைத்தான் முதலில் காட்டியது. படிகம் மேம்பட்டபோது, வேகமாக அசையும் இன்னொரு எதிரொலியும் கிடைத்தது. ஆரோக்கியமானவர்களிடம் அது கூர்மையாக ஏறி, சட்டென்று இறங்கியது. வால்வுச் சுருக்கம் உள்ளவர்களிடம் இறக்கம் மெதுவாக, சாய்வான மேடுபோல இருந்தது. சுருக்கம் எவ்வளவு கடுமையோ, சாய்வும் அவ்வளவு மந்தம். அறுவை அறைக்குப் போகுமுன்பே சுருக்கத்தை மதிப்பிட ஒரு அளவுகோல் கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த எதிரொலி எங்கிருந்து வருகிறது? இடது மேலறையின் முன்சுவரிலிருந்து என்று எட்லர் முதலில் நினைத்தார். அளவுகோல் வேலை செய்கிறதே என்று அவர் அதோடு நிற்கவில்லை. மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் கருவி வைத்த இடத்தையும் திசையையும் குறித்துக்கொண்டு, அவர்கள் இறந்த பின் அதே வழியில் நீண்ட கம்பியைச் செலுத்தி, அது இருதயத்தில் எதைத் துளைக்கிறது என்று பார்த்தார். அது மேலறைச் சுவர் அல்ல. மிட்ரல் வால்வின் முன் இதழ்.

தாம் நினைத்தது தவறு என்று தெரிந்ததும் கண்டுபிடிப்பின் மதிப்பு குறையவில்லை, கூடியது. வால்வின் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணியவர், உண்மையில் வால்வையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். 1960-இல் ரோமில் நடந்த ஐரோப்பிய இருதய மருத்துவ மாநாட்டில் எட்லர் தம் முறையைத் திரைப்படமாகவே காட்டினார். 1961-இல் தம் குழுவினருடன் விரிவான ஆய்வறிக்கையை வெளியிட்டார். எந்த எதிரொலி இருதயத்தின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கற்றுக்கொள்ள அது அடித்தளமானது.

மெல்லப் பரவிய வித்தை

இவ்வளவுக்குப் பிறகும் உலகம் ஓடிவந்து அணைத்துக்கொள்ளவில்லை. திரையில் தெரிவது இருதயத்தின் உருவம் அல்ல, வளைந்து நெளியும் கோடுகள். அவற்றைப் படிக்கப் பழக வேண்டும். காதுக்குழலையும் குழாய்ச் சோதனையையும் நம்பிய பல மருத்துவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

அமெரிக்காவில் இதைப் பிடித்துக்கொண்டவர் இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஹார்வி பைகன்பாம். 1963-இல் ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஆர்வம் கொண்டு, மூளைப் பரிசோதனைக்கு வாங்கப்பட்டுச் சும்மா கிடந்த கருவியை எடுத்து இருதயத்தில் வைத்துப் பார்த்தார். இருதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் சேர்ந்திருந்தால் எக்கோ அதைக் காட்டும் என்று 1965-இல் எழுதினார். குத்தி நீர் எடுக்க வேண்டிய நோயாளியை அடையாளம் காண அதுவரை இருந்த முறைகள் எல்லாவற்றையும்விட அது எளிது. மருத்துவர்கள் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். எக்கோ எடுப்பதற்கென்றே தொழில்நுட்பர்களைப் பழக்கும் வழக்கமும் அவரிடம் தொடங்கியது.

ஜப்பானின் ஷிகெயோ சத்தொமுரா 1950-களிலேயே, ‘டாப்ளர்’ விளைவைக் கொண்டு இருதய அசைவை ஆராய்ந்தவர். நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கீச்சென்று கேட்பதும், கடந்து போனதும் தணிந்து கேட்பதும் டாப்ளர் விளைவுதான். இரத்தம் எந்தத் திசையில், என்ன வேகத்தில் பாய்கிறது என்பதை இதைக் கொண்டு அளக்கலாம். எட்லரும் 1960-களின் இறுதியில் லிண்ட்ஸ்ட்ரோம் என்பவருடன் சேர்ந்து, வால்வுக் கசிவைக் காண டாப்ளரைப் பயன்படுத்தினார். முதல் நாளிலிருந்து அவரை அலைக்கழித்த கேள்வி கசிவுதானே! 1970-களில் நெதர்லாந்தின் கிளாஸ் போம் போன்றவர்கள் பல படிகங்களை வரிசையாக அடுக்கி, கோடுகளுக்குப் பதில் இருதயத்தின் குறுக்கு வெட்டு உருவத்தையே அசைவோடு திரையில் கொண்டுவந்தார்கள்.

அதே காலத்தில் நார்வே நாட்டில் ஹோலன், லீவ் ஹாட்ல ஆகியோர் வேகத்திலிருந்து அழுத்த வேறுபாட்டைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். கணக்கு எளியது: வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்க வேண்டும். குறுகிய வால்வு வழியே இரத்தம் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அழுத்த வேறுபாடு 16 மில்லிமீட்டர் பாதரசம். 4 மீட்டர் என்றால் 64. குழாய் செலுத்தி அளந்ததை வெளியிலிருந்தே அளக்க முடிந்தது. சுருக்கம், கசிவு இரண்டையும் பிரித்துச் சொல்லும் வழி வேண்டும் என்று எட்லர் தொடங்கிய தேடல், கால் நூற்றாண்டு கழித்து முழுமை பெற்றது.

இருவரும் பெற்றது

1977-ஆம் ஆண்டு எட்லர், ஹெர்ட்ஸ் இருவருக்கும் அமெரிக்காவின் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. மருத்துவ உலகில் நோபலுக்கு அடுத்த நிலையில் மதிக்கப்படும் விருது அது. நோபல் பரிசு மட்டும் இருவருக்கும் கிட்டவில்லை. ஹெர்ட்ஸ் பிற்காலத்தில் மையைத் துளித்துளியாகப் பீய்ச்சி அச்சிடும் தொழில்நுட்பத்திலும் முன்னோடியாக விளங்கினார். அவர் 1990-இல் காலமானார். எட்லர் 2001 மார்ச் 7-ஆம் தேதி, தொண்ணூறாவது பிறந்தநாளுக்குப் பத்து நாள்கள் இருக்கும்போது மறைந்தார்.

எட்லரின் ஆய்வு வாழ்க்கையில் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் கருவியைக் கண்டுபிடித்துவிட்டு நோயாளியைத் தேடவில்லை. தம் முன்னால் படுத்திருந்த நோயாளிக்குத் தம்மால் பதில் சொல்ல முடியவில்லையே என்ற இக்கட்டிலிருந்து தொடங்கினார். தமக்குத் தெரியாத இயற்பியலை, தெரிந்தவரிடம் போய்க் கேட்டார். மருத்துவமும் பொறியியலும் ஒரே மேசையில் அமர்ந்ததால் பிறந்ததுதான் எக்கோ.

எக்கோ சொல்வதும் சொல்லாததும்

எக்கோ அறிக்கை கையில் கிடைத்ததும் பலர் முதலில் தேடுவது ஒரு விழுக்காட்டு எண்ணை. இடது கீழறை நிறைந்திருக்கும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை விழுக்காட்டை வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். ஆரோக்கியமான இருதயமும் நூறு விழுக்காடு தள்ளாது. 55 முதல் 70 வரை இருந்தால் பொதுவாக இயல்பு. “60 தான் வந்திருக்கிறது, 40 கெட்டுப்போய்விட்டது” என்று கலங்க வேண்டியதில்லை. 40-உம் அதற்குக் கீழும் என்றால் இருதயத் தசை பலவீனப்பட்டிருக்கிறது என்று பொருள்; மருந்துகளால் அந்த எண் உயர வாய்ப்பும் உண்டு.

அறைகளின் அளவு, சுவரின் தடிப்பு, வால்வுகளின் அசைவு, கசிவு, பிறவியிலேயே உள்ள ஓட்டை, உறைக்குள் நீர் ஆகியவற்றை எக்கோ காட்டும். மாரடைப்பில் சேதமான பகுதி சரியாக அசையாமல் இருப்பதும் தெரியும். கட்டுப்படாத இரத்த அழுத்தத்தால் தசை தடித்திருப்பதும் தெரியும்.

ஆனால் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் உள்ள அடைப்பைச் சாதாரண எக்கோ நேரடியாகக் காட்டாது. ஓய்வில் எடுத்த எக்கோ நன்றாக இருந்தும் குழாயில் அடைப்பு இருக்கலாம். ஆகவே எக்கோ நல்லபடியாக வந்துவிட்டது என்று நெஞ்சு வலியை அலட்சியம் செய்வது ஆபத்து. நடந்தால் நெஞ்சு இறுகுகிறது, கையிலோ தாடையிலோ வலி பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் ஓட்டச் சோதனை, சி.டி. படம், ஆஞ்சியோகிராம் என்று அடுத்த கட்டத்துக்கு அனுப்புவார்.

தொண்டை வலியில் தொடங்கும் நோய்

எட்லரைத் தேட வைத்த ருமாட்டிக் இருதய நோய் சுவீடனில் இன்று அரிதாகிவிட்டது. உலகிலிருந்து அது போய்விடவில்லை. நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் அதோடு வாழ்கிறார்கள். நெரிசலான வீடு, ஏழ்மை, மருத்துவ வசதிக் குறைவு ஆகியவை உள்ள இடங்களில் அது வேர்விடும். ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குச் சரியான சிகிச்சை கிடைக்காவிட்டால், சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு இது அதிகம். ஒரு மூட்டில் வலி தணிந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும். மூட்டு வலி போய்விடும். வால்வில் பட்ட காயம் தங்கிவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, பெண்களுக்குப் பிரசவ காலத்தில்கூட, அது முதன்முறையாக வெளிப்படலாம்.

இங்கேதான் எக்கோ இன்று புதிய வேலை செய்கிறது. காதுக்குழலுக்குக் கேட்காத ஆரம்ப நிலைச் சேதத்தையும் அது காட்டிவிடும். உகாண்டாவில் 5 முதல் 17 வயது வரையிலான 818 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. பள்ளிகளிலும் சமூகத்திலும் எக்கோ மூலம் ஆரம்ப நிலையில் நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடப்பட்டது, மறுபகுதியினருக்குப் போடப்படவில்லை. இரண்டு ஆண்டுகள் முடிவில், ஊசி போட்டவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கே நோய் முற்றியிருந்தது. போடாதவர்களில் அது 8.2 விழுக்காடு. பழைய மருந்துதான். யாருக்குப் போடவேண்டும் என்று காட்டியது எக்கோ.

பிள்ளைக்குக் காய்ச்சலோடு கடுமையான தொண்டை வலி வந்தால் மிளகு ரசத்தோடு நிறுத்திவிடாமல் கிளினிக்குக் கூட்டிப்போவது நல்லது. மருத்துவர் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தால், இரண்டு நாளில் வலி போய்விட்டது என்று நிறுத்தாமல், சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருத்துவர் குறித்த ஊசித் தேதியைத் தவறவிடக்கூடாது. சின்ன வயதில் அந்தக் காய்ச்சல் வந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட பெண்கள், கர்ப்பமாவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் எக்கோ எடுக்கச் சொன்னால் பயப்படக் காரணமில்லை. நெஞ்சைத் திறந்த பிறகு உண்மை தெரியவந்த காலம் ஒன்று இருந்தது. பசை தடவிய அரைமணி நேரத்தில் அது இன்று தெரிந்துவிடுகிறது.